பங்கஜவல்லி மாஸ்டரைத் தூக்கின கதை

வயித்த உள்ள இழுத்துக்கிட்டு எடை மெஷின்ல ஏறுற என் தங்கங்களா, உங்களத்தான் சொல்றேன். இழுத்தா தொப்பை ஒளியும், எடை எங்க போய் ஒளியும்? சரி, சிரிச்சது போதும். இது பயந்தவ கதை.

கரூர்ல டயர் கடை மாடியில ஒரு ஜிம். காலையில பொம்பளைங்க நேரம். அங்க வர்ற பங்கஜவல்லிக்குப் பேரன் எடுத்த வயசு. மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி வளையலக் கழட்டுவா, கொண்டை ஊசியக்கூட உருவி வைப்பா. அன்னிக்கும் அப்படித்தான் ஏறினா. சேந்த அன்னிக்கு நின்ன இடத்துலயே நின்னுச்சு முள்ளு.

எடை குறையலேன்னா பலமும் ஏறலேன்னு அவ கணக்கு. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். பாத்ரூம்ல விழுந்தவரத் தூக்க முடியாம, ஈரத் தரையில அவர் தலைய மடியில வச்சுக்கிட்டு, ஆள் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தவ. அதுவரைக்கும் சோபாவே கதின்னு கிடந்தவ, அதுக்கப்புறந்தான் இங்க வந்தா.

ஜிம்ல சொல்லிக்குடுக்குற மாஸ்டர் பேரு ரெஜினா. வல்லிக்கு மக வயசு, ஆளு கதவு மாதிரி. கொழுப்பு போய் அந்த எடத்துல சதை ஏறுது, முள்ளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு எத்தனையோ வாட்டி சொல்லியாச்சு. பாவாடை நாடாவ முன்னவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருந்துச்சு. அதையும் பயத்துல மெலிஞ்சதுன்னுதான் வல்லி நெனச்சா.

"இத்தன மாசம் இரும்பத் தூக்கியும் ஒரு கிலோ குறையல மாஸ்டர். நாளைக்கு அவர் மறுபடி விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?"

ரெஜினா தரையில தொப்புன்னு மல்லாந்து கண்ண மூடிக்கிட்டா. கை காலெல்லாம் துவண்டு கிடந்துச்சு.

"விளையாடாதீங்க மாஸ்டர்."

மத்தவங்க ஓடி வந்தாங்க. கண்ணத் தொறக்காமலே, வல்லியத் தவிர யாரும் தொடக்கூடாதுன்னுட்டா ரெஜினா.

வல்லிக்கு அந்த ஈரத் தரை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. ரெஜினா தலைமாட்டுல குந்தி, அக்குள்ல கைய விட்டா. மொத தடவ வழுக்கிருச்சு. அடுத்த தடவ மாரோட சேத்துக் கட்டிக்கிட்டு, குதிகால ஊன்றி, பல்லக் கடிச்சு எழுந்தா. அடுத்த நிமிஷம் ரெஜினா பெஞ்சுல உக்காந்திருந்தா.

வல்லி மூச்சு வாங்க அவ பக்கத்துலயே உக்காந்தா.

"தூக்கிட்டேன். ஆனா பயம் போகலையே மாஸ்டர்."

ரெஜினா முழங்கையில ஒட்டின தூசியத் தட்டினா.

"எனக்கும்தான்க்கா. நீங்க தூக்குவீங்களான்னு தெரியாமத்தான் படுத்தேன்."