இரண்டு மடங்கு வேகம்

கொல்லிமலை அடிவாரத்தில் தவமணி அம்மாவின் ஆசிரமம். செருப்பை வாசலில் விட வேண்டும். வேறு விதி கிடையாது. வசுமதி செருப்பை விட்டாள். காதிலிருந்த இயர்போனில் ஒன்றை மட்டும் கழற்றினாள். மற்றதில் ஏதோ ஒரு பாட்காஸ்ட் ஓடிக்கொண்டே இருந்தது.

குருவுக்கு நாற்பது வயது. சிஷ்யைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இருந்தாலும் வசுமதிக்கும் அவர் அம்மாதான்.

வசுமதி ஒரு ரசிகை. அதில் அரைகுறை கிடையாது. டிவி பாட்டுப் போட்டியில் எந்த சீசனில் எந்த நடுவர் எந்தப் பாட்டுக்கு அழுதார் என்று கேளுங்கள், குக்கர் அடுத்த விசில் அடிப்பதற்குள் சொல்லிவிடுவாள். அம்மாவின் வியாழக்கிழமை உரைகளையும் அவள் விட்டுவைக்கவில்லை. மற்றவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது, "அம்மா எந்த உரையில விடாம இருமினாங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று காதோரம் கேட்பாள். பதில் தெரியாதவர்களை அவள் பக்தைகளில் சேர்ப்பதில்லை.

அன்றைக்கு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேரே கொல்லைப்பக்கம் போனாள். அம்மா மடியில் தட்டை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"உட்காருங்க."

"எனக்கு ரோஸ்லின்னு ஒரு சிநேகிதி. திருச்சி கான்வென்ட்ல ஒண்ணாப் படிச்சோம். காலைப் பிரேயர்ல அவதான் பாடுவா. அவளோட முதல் ரசிகை நான்தான், தெரியுமா? இப்போ மஸ்கட்ல இருக்கா. ஞாயித்துக்கிழமையானா அங்கே அவ டிவி முன்னாடி, இங்கே நான். ஒரு பாட்டு முடிஞ்சா உடனே வாய்ஸ் மெசேஜ். 'சுருதி போச்சுடி.' 'இந்த ஜட்ஜுக்குக் காது இருக்கா இல்லையா?' வருஷக்கணக்கா இப்படித்தான்."

"சரி."

"ரெண்டு மாசமா பேச்சே இல்லை. கூப்பிட்டா எடுக்கறதில்லை. நான் அனுப்பறதெல்லாம் கேட்காமலே கிடக்கு. வீட்ல சொன்னா, 'விடு, பிஸியா இருப்பாங்க'ங்கிறார். அவருக்கென்ன, கிரிக்கெட் இருக்கு. எனக்கு இப்போ பாட்டு ஓடுது, பார்க்கறேன், யாருக்கும்மா சொல்றது? நான் என்ன தப்புப் பண்ணினேன்? அவ சொன்னது ஒண்ணு விடாம கேட்டிருக்கேனே!"

அம்மா ஒரு ஈர்க்கை எடுத்து உருவினார். இன்னொன்றை எடுத்தார்.

வசுமதியின் கட்டைவிரல் தானாகப் போனின் மேல் இரண்டு தட்டு தட்டியது.

"என்ன செய்யறீங்க?"

வசுமதிக்கு வெட்கமாகிவிட்டது. "பழக்கதோஷம்மா. யாராவது நடுவுல சும்மா இருந்தா தட்டித் தள்ளிடுவேன்."

"என் உரையிலயுமா?"

"தப்பா நினைக்காதீங்க. உங்களை நான் எப்பவும் ரெண்டு மடங்கு வேகத்துலதான் கேட்கறது. அப்போதான் மத்ததுக்கு நேரம் கிடைக்கும். நேர்ல நீங்க ரொம்ப ஸ்லோம்மா."

அம்மா சிரித்தார். "அவங்க கடைசியா அனுப்பினதைப் போடுங்க."

வசுமதி ஸ்பீக்கரில் போட்டாள். அணில் கத்துவது போல ஒரு குரல் வந்து ஓடியது.

"வசு பார்த்தியா போட்டி நான் இன்னிக்குப் பார்க்கலை நீ பார்த்தியா சொல்லு வேற வேற ஒண்ணுமில்லை வச்சிடறேன்."

"இவ்வளவுதாம்மா. இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?"

"நீங்க என்ன பதில் அனுப்பினீங்க?"

அதையும் போட்டாள். 'பார்க்கலையா! அடிப்பாவி, போச்சு போ!' என்று அது ஆரம்பித்தது. அன்றைக்கு யார் என்ன பாடினார்கள், அந்த மெட்டு முதலில் எந்த ராகத்தில் போடப்பட்டது, நடுவர் எங்கே கோட்டை விட்டார், எல்லாம் வந்தது. 'ரெண்டாவது சரணத்துல அந்தப் பொண்ணு மூச்சு வாங்கினதை ஒருத்தரும் கவனிக்கலை பாரு, நான் கவனிச்சேன்' என்றது. கடைசியில் ரோஸ்லினுக்கு ஒரு க்விஸ் கேள்வியும் இருந்தது.

அம்மா முழுவதையும் கேட்டார். தட்டை இறக்கி வைத்தார்.

"இப்போ அவங்களோடதை அவங்க வேகத்துலயே போடுங்க."

"அதே வார்த்தைதாம்மா வரும்."

"போடுங்க."

வசுமதி இன்னொரு இயர்போனையும் கழற்றினாள்.

"வசு."

அவள் நினைத்திருந்ததைவிட வயதான குரல். அதன்பின் ஒன்றும் இல்லை. எங்கேயோ சக்கரங்கள் உருண்டு போயின.

"பார்த்தியா, போட்டி? நான் இன்னிக்குப் பார்க்கலை."

பின்னால் டிவி சத்தம் இல்லை. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் டோக்கன் நம்பர் சொல்லி டாக்டர் அறைக்குக் கூப்பிட்டது.

"நீ பார்த்தியா? சொல்லு."

நாற்காலி நகர்ந்தது. இன்னொரு நம்பர். யாரோ எழுந்து போனார்கள்.

"வேற..."

வசுமதியின் கட்டைவிரல் தூக்கியது தூக்கியபடி நின்றது.

"வேற ஒண்ணுமில்லை. வச்சிடறேன்."

வைக்கவில்லை. மெசேஜ் ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, நிறுத்தி, ஏதோ ஆரம்பிப்பது போல ஒரு மூச்சு. பிறகு அதுவும் நின்றது.

"இது அவங்க வீடா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை."

வசுமதி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி போட்டாள். 'வேற' என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"இங்கே என்னவோ சொல்ல வந்திருக்காம்மா. ரெண்டு மாசம் முன்னாடியே. நான் அவளுக்கு மெட்டு எந்த ராகம்னு பாடம் எடுத்திருக்கேன்." போனை அம்மாவிடம் நீட்டினாள். "என்ன சொல்ல வந்தா? உங்களுக்குத் தெரியாதது இல்லை. சொல்லுங்கம்மா."

அம்மா கீரைத் தட்டை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? முதல் ரசிகை நீங்கதானே."