முதல் தண்ணீர் பள்ளத்துக்கு

குன்றின் மேல் ஒரு மடம். அங்கிருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவரிடம் பாடம் கேட்க வந்த தமயந்திக்கோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்து, மூச்சு வாங்கப் படியேறி, வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்டாள்.

"இங்க தண்ணி நிக்குமா சாமி?"

மலை உச்சியில் இப்படியொரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. பக்கத்திலிருந்த சீடர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். சாமி சிரிக்கவில்லை.

"நிக்காதும்மா. நின்னா நல்லாத்தான் இருக்கும். உக்காருங்க."

உட்கார்ந்து சொன்னாள். வெள்ளம் வந்த வருஷம், தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. அவள் கணவர் தணிகாசலம், "வண்டிய மேம்பாலத்துல நிறுத்திட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனார். மறுநாள் வண்டி மேம்பாலத்தின் மேல் பத்திரமாக நின்றது. அவர்தான் வரவில்லை.

அன்றிலிருந்து வானம் கறுத்தால் போதும், ஜன்னலெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் பழைய புடவைகளைத் திணித்துவிட்டுக் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

"ஐப்பசில என் பொண்ணுக்குப் பிரசவம். அவ இருக்கறது மழை ஊரு. அந்த அடைமழைல நான் கூட இருந்தாகணும். அதுக்குள்ள இந்தப் பயம் போகணும். நீங்க எது சொன்னாலும் செய்யறேன்."

"எது சொன்னாலுமா?"

"எது சொன்னாலும்."

சாமி அவளைப் பின்பக்கம் அழைத்துப் போனார். மடத்துக்குக் கிணறு கிடையாது. ஓட்டுக் கூரையில் விழும் மழைதான் குடிதண்ணீர். கூரை ஓரத்துத் தகர வாய்க்காலிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்கியது. மழை தொடங்கும்போது அது பள்ளத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கூரையின் தூசியும் காக்கை எச்சமும் அதில் போய்விடும். தண்ணீர் சுத்தமானதும் குழாயைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

"சுத்தமாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கையில பிடிச்சுக் குடிச்சுப் பாக்கணும்."

"மழைல நின்னுக்கிட்டா?"

"வேற எங்க நின்னு?"

தமயந்தி ஓரடி பின்னால் நகர்ந்தாள். "வேற ஏதாவது வேலை குடுங்க சாமி."

"இது ஒண்ணுதாம்மா இருக்கு."

சில நாளில் மழை வந்தது. தமயந்தி வரவில்லை. அவள் அறைக் கதவிடுக்கில் புடவை நுனி தெரிந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. குழாயை வேறு யாரும் தொடக் கூடாது என்று சாமி சொல்லியிருந்தார். மழை முழுவதும் பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சீடர்கள் அடிவாரத்து ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தார்கள். முணுமுணுப்பு அவள் காதில் விழாமல் இல்லை. அவர்கள் தோளில் குடத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அடுத்த மழைக்கு நிற்காவிட்டால் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

அடுத்த மழை ஒரு பிற்பகலில் கொட்டியது. தமயந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகரத்தில் இலைகள் அடைத்துக்கொண்டபோது குச்சியால் தள்ளிவிட்டாள். தண்ணீர் வேகமாகப் பள்ளத்துக்கு ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். மழை விட்டதும் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள்.

"நின்னுட்டேன் சாமி! கடைசி வரைக்கும் நின்னுட்டேன். எங்கயும் தேங்க விடல, மொத்தத்தையும் வெளிய தள்ளிட்டேன்!"

சாமி தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். அடியில் ஒரு பல்லி ஓடியது.

தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏம்மா?"

"ஓடிப் போனாப் போதும்னு இருந்துச்சு சாமி."

அவர் மூடியை வைத்துவிட்டு, குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினார். அன்று தமயந்தியும் ஒரு குடத்தோடு பின்னால் போனாள். படியேறும்போது அவளுக்கு உயிர் போய் வந்தது. குடத்தை இறக்கவில்லை.

மூன்றாம் மழைக்கு வானம் இருட்டத் தொடங்கியபோதே அவள் குழாயருகில் இருந்தாள். முதல் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டாள். மண். துப்பினாள். மறுபடி ஏந்தினாள். தகர வாடை. அதையும் துப்பினாள். இடி இடித்தது. உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டி இன்னொரு வாய் குடித்தாள்.

துப்பவில்லை.

எழுந்து இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துத் தொட்டிக்குத் திருப்பினாள். வெறும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெள்ளம் வந்த அன்றைக்கு மாடிப்படியில் நின்று, கீழ் வீட்டுக்குள் தண்ணீர் இறங்கக் கேட்ட அதே சத்தம். அவள் வாய்விட்டு அழுதாள். பிடியை மட்டும் விடவில்லை. தொட்டி நிறைந்து வழியும்வரை அழுதுகொண்டே நின்றாள்.

மழை விட்டதும் சாமி வந்து உலர்ந்த துண்டொன்றை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"பயம் போகல சாமி."

"தெரியுது."

"இதே தண்ணிதானே அவரக் கொண்டுபோச்சு?"

"ஆமாம்மா. இதேதான்."

அவர் தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு அவள் முன்னால் வைத்தார். தமயந்தி அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு எடுத்து, கீழே வைக்காமல் முழுவதும் குடித்து முடித்தாள்.

சாமி காலிச் சொம்பை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை பெத்த வீட்டுக்குத் தண்ணி நிறைய வேணும்மா. கிளம்புங்க."