ஏழு குரல், ஆறு தலை

ஒரு காட்டின் தென்கோடியில், அத்திமரத்தடியில், ஒரு பள்ளிக்கூடம் இருந்தது குழந்தைகளே. ஆசிரியர் ஆந்தை. பிள்ளைகள்: முயல், அணில், மலைப்பாம்பு, இரண்டு மான்குட்டிகள், ஓர் ஆமை, ஒரு முள்ளம்பன்றி. சரியாக ஏழு.

மலைக்கு அப்பால் இருந்த கல்லூரியிலிருந்து அங்கே இரண்டு மாணவர்கள் வந்தார்கள். ஒன்று மயில், இன்னொன்று கரடி. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோட்டம் போடவும் சத்தாகச் சாப்பிடவும் கற்றுக் கொடுத்தால்தான் அவர்களுக்குக் கல்லூரியில் தேர்ச்சி.

கரடி மண்ணைக் கொத்தியது. பிள்ளைகள் கீரை விதைத்தார்கள். பந்தல் போட்டுப் பாகற்கொடியை ஏற்றினார்கள். மயில் எதையும் தொடவில்லை. எட்ட நின்று பாடம் மட்டும் சொன்னது.

கீரை வளர்ந்ததும் மயில் ஒரு கிளையில் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் பலகை தொங்கவிட்டுத் தராசு செய்தது. எடைக்கல்லுக்குப் பதிலாக விளாங்காய். முயல் மூன்று விளாங்காய் எடை இருந்தது. மலைப்பாம்பு பன்னிரண்டு.

"அடுத்த வாரம் எங்கள் பேராசிரியர் யானை வருகிறார். அதற்குள் யாருக்கு எடை அதிகம் கூடியிருக்கிறதோ, அவருக்குப் பூமாலை" என்றது மயில்.

"எதைத் தின்று எடை கூட வேண்டும் அண்ணா?" என்று அணில் கேட்டது.

"கீரையைத்தான். வேறென்ன?"

"கீரையைத்தான் தின்றார்களா என்று யார் பார்ப்பது?"

"தராசு பார்க்கும்" என்றது மயில்.

மலைப்பாம்புக்கு அதுவரை யாரும் மாலை போட்டதில்லை. மாலை மேல் அதற்கு ஆசை. கீரை மேல் ஆசை இல்லை. என்ன செய்யலாம் என்று யோசித்தது. பக்கத்தில் முயல் நறுக்நறுக்கென்று கீரை தின்றுகொண்டிருந்தது. மலைப்பாம்பு முயலைப் பார்த்தபடியே இன்னும் கொஞ்சம் யோசித்தது.

யானை வரும் நாளும் வந்தது. ஆந்தைக்குப் பகலில் தூக்கம். கண்ணை மூடிக்கொண்டே பெயர்களைக் கூப்பிட்டது.

"அணில்."

"உள்ளேன் ஐயா."

"முயல்."

"உள்ளேன் ஐயா" என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"தொண்டை கட்டியிருக்கிறது போல. வெந்நீர் குடி" என்று சொல்லிவிட்டு, ஆந்தை அடுத்த பெயருக்குப் போனது.

அணில் எண்ணிப் பார்த்தது. கேட்ட குரல் ஏழு. தெரிந்த தலை ஆறு. மறுபடியும் எண்ணியது. தலை ஆறுதான்.

மலைப்பாம்பின் நடு உடம்பில் ஒரு மேடு இருந்தது. அணில் மெல்லப் போய் அதில் காதை வைத்தது.

"முயலே, நீயா?"

"நான்தான். காலையில் விழுங்கிவிட்டான். மூச்சு முட்டுகிறது அணிலே, சீக்கிரம் ஏதாவது செய்."

அணில் ஆந்தையிடம் ஓடியது. "ஐயா, முயல் பாம்பின் வயிற்றுக்குள் இருக்கிறான்."

"குரல் கேட்டது, வருகை போட்டாயிற்று. எங்கே உட்காருவது என்பது அவனவன் விருப்பம்" என்று சொல்லி, ஆந்தை மறுபடி தூங்கிவிட்டது.

அதற்குள் மயில் பாம்பைத் தராசில் ஏற்றியிருந்தது. "பதினைந்து விளாங்காய்! பார்த்தாயா கரடி, நம் கீரையை?"

"அண்ணா, கூடியது மூன்று. முயலின் எடையும் மூன்று. முயல் அவனுக்குள்ளே இருக்கிறான்" என்றது அணில்.

"பொறாமைப்படாதே தம்பி. நீயும் ஒழுங்காகச் சாப்பிடு, கூடுவாய்."

கரடி தலையைச் சொறிந்தது. "அவன் சொல்லும் கணக்கு சரியாக இருக்கிறதே."

"கணக்கைப் பிறகு பார்க்கலாம். மாலையை எங்கே போடுவது, அதைச் சொல். இவனுக்குக் கழுத்து எதுவரைக்கும்?"

கரடி பாம்பைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தது. பிறகு கணக்கை விட்டுவிட்டுக் கழுத்தைத் தேட ஆரம்பித்தது.

மேட்டுக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. குரல் முன்பைவிட மெலிந்திருந்தது. இனி இவர்களிடம் உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று அணிலுக்குப் புரிந்தது.

"மயில் அண்ணா, பேராசிரியர் தோட்டத்தையும் பார்க்கத்தானே வருகிறார்? மாலை வாங்குகிறவன் நம் தோட்டத்துக் காயை அவர் கண்ணெதிரே தின்றால் உங்களுக்கு எவ்வளவு பெருமை!"

மயிலின் தோகை தானாக விரிந்தது. "இதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றது.

யானை வந்து நின்றது. கரடி கையில் மாலையோடு இன்னும் பாம்பின் கழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அணில் பந்தலில் ஏறி, நீளமான பாகற்காய் ஒன்றைப் பறித்தது. அதைப் பல்லால் நெடுகக் கீறிச் சாறு வழிய விட்டு, பாம்பின் முன்னால் வைத்தது.

"காய்கறி எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்றது மலைப்பாம்பு.

"பரவாயில்லை. ஆமைக்கு அரை விளாங்காய் கூடியிருக்கிறது. மாலையை அவன் வாங்கிக்கொள்ளட்டும்" என்றது அணில்.

"கொடு இங்கே" என்று மலைப்பாம்பு ஒரே வாயில் காயை விழுங்கியது.

கசப்பு தொண்டையைப் பிடித்தது. பாம்பு ஒரு முறை நெளிந்தது. இரண்டாம் முறை முறுக்கிக்கொண்டது. மூன்றாம் முறை வாயைப் பிளந்தது. முதலில் பாகற்காய் வந்தது. பிறகு இரண்டு நீளக் காதுகள். பிறகு முழு முயலும் வெளியே வந்து விழுந்தது.

யானை குனிந்து பார்த்தது. "இது எந்தப் பாத்தியில் காய்த்தது?"

மயில் தோகையை மடக்கிக்கொண்டது. மலைப்பாம்புதான் பேசியது. "நான் பாடத்தின்படிதான் நடந்தேன் ஐயா. கீரை தின்னச் சொன்னார்கள். முயலுக்குள் இருந்ததெல்லாம் கீரைதான்."

மயில் அவசரமாக முயலைத் தூக்கித் தராசில் வைத்தது. "மூன்றுதானா? ஏன் எடை கூடவில்லை?"

"காலையிலிருந்து எனக்கு அங்கே ஒன்றும் தரவில்லை அண்ணா" என்றது முயல்.

யானை பூமாலையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டது. நிதானமாக மென்று முடித்தது.

"இரண்டு பேருக்கும் தேர்ச்சி இல்லை" என்றது.

"நான் கணக்கைக் கவனித்தேனே ஐயா" என்றது கரடி.

"கவனித்துவிட்டு, கழுத்தைத் தேடப் போய்விட்டாய்" என்று சொல்லிவிட்டு, யானை முயலைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு அதன் வளை வரை கொண்டுபோய் விட்டது.

நீதி: எவ்வளவு கூடியது என்று அளந்தால் மட்டும் போதாது, எதனால் கூடியது என்றும் கேட்க வேண்டும்.