நாற்பத்தொன்றாம் குச்சி

நகைக்கடையின் உடைந்த கண்ணாடியில் இருந்த ரத்தத்தை ஆய்வுக்கூடம் சோதித்தது. திருடனின் மூதாதையர் வடக்கும் தெற்கும் கலந்தவர்கள் என்று அறிக்கை வந்தது. இன்ஸ்பெக்டர் ஆளவந்தார் ‘வடக்கு’ என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திவிட்டு, பீகார் கொத்தனார் சுக்தேவைப் பிடித்து அடைத்தார்.

பிறகு ஆய்வுக்கூடத்துக்கே வந்து, “இவன்தான் திருடன்னு எழுதிக் கொடுங்க” என்று அதட்டினார். ஆய்வுக்கூட அதிகாரி தயங்கினார்.

அங்கே சோதனைக் குழாய் கழுவும் பவுனாம்பாள் ஒரு நோட்டுடன் வந்தாள். “இதே கலப்பு நாற்பத்தொன்றாம் குச்சியிலயும் வந்திருக்கு சார். அவரையும் பிடிச்சிடலாமா?”

“இதையெல்லாம் கேக்கணுமா? யார் அவன்?”

“போன மாசம் இங்கே வந்தவர். வர்றவங்க எச்சில் தடயத்துல கலந்துட்டா கண்டுபிடிக்கணுமே, அதுக்காக எல்லார் கன்னத்து உள்பக்கமும் குச்சியால தடவி எடுத்து வைப்போம். எண்ணுக்கு எதிரே கையெழுத்தும் இருக்கு, பாருங்க சார்.”

ஆளவந்தார் பார்த்தார். அது அவருடைய கையெழுத்து.

நோட்டை மூடிவிட்டு, “சுக்தேவோட ரத்தத்தையே எடுத்து, கண்ணாடியில இருந்த ரத்தத்தோட நேரா ஒப்பிட்டுப் பாருங்க” என்றார்.

ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. மூன்றாம் நாள் சுக்தேவ் வெளியே வந்தார்.

ஆளவந்தார் அந்த நோட்டைப் பார்த்த அன்று ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகும்போது, டீ குடித்த காகிதக் கப்பைக் குப்பையில் போடாமல் கையோடு எடுத்துப் போனார்.