சுக்கான்பட்டியார் வாங்கிய குறுக்குவில்

சுக்கான்பட்டிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். என்ன சொன்னோமோ அதை மயிரிழை பிசகாமல் செய்வார்கள். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த ஊரில் ஒச்சாயி என்றொரு ஒண்டிக்கட்டை. ஒரு துண்டு நிலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருந்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் வயிற்றுப்பாடு அதை நம்பித்தான் இருந்தது. கிழங்கு திரளும் நேரம் பார்த்து, கன்றுக்குட்டி கனத்தில் ஒரு காட்டுப்பன்றி வர ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் போதும், வரப்போரம் தோண்டித் தின்னும்.

ஊர் வேட்டைக்காரன் கழுவனைக் காவலுக்குப் போட்டார்கள். "நாணை இழுத்தபடி தயாரா இருடா" என்று நாட்டாமை மொக்கையன் சொல்லியிருந்தார். கழுவன் மத்தியானக் கஞ்சி குடித்த கையோடு நாணை இழுத்தான். இழுத்தபடியே நின்றான். பன்றி வருகிற நேரத்தில் கை மரத்துப்போய், அம்பு அவன் காலடியிலேயே விழும். பன்றி வந்து அதை மோந்து பார்த்துவிட்டுக் கிழங்கு பக்கம் போகும்.

ஊர் கூடி யோசித்தது.

"கழுவன் மேல குத்தமில்ல. அவன் சொன்னபடிதான் நின்னான்" என்றார் மொக்கையன்.

"பன்னி மேலயும் குத்தமில்ல. அது பசிக்குத் தின்னுது" என்றான் கழுவன்.

"அப்ப வில்லு மேலதான் குத்தம்" என்று தீர்ப்பானது.

அந்த வாரம் சந்தைக்கு ஓர் ஆயுத வியாபாரி வந்திருந்தான். அவனிடம் ஒரு குறுக்குவில் இருந்தது. நீளக் கட்டையின் தலைப்பில் வில்லைக் குறுக்கே பொருத்தியிருந்தார்கள். "நாணை இழுத்து இந்தக் கொக்கியில மாட்டிட்டா அதுபாட்டுக்கு நிக்கும், கை வலிக்காது. பன்னி முப்பது அடி தூரத்துல பக்கவாட்டா நிக்கும்போது விசையை அமுக்குங்க. எதிர ஆள் இருந்தா மட்டும் தொட்டுராதீங்க" என்று சொல்லிக் கொடுத்தான்.

புது வில் வந்த சந்தோஷத்தில் ஊர் கிடா வெட்டியது. விறகு ஈரமாயிருந்ததால் பழைய வில், அம்பு எல்லாவற்றையும் அடுப்பில் வைத்தார்கள். நன்றாக எரிந்தன. இத்தனை காலத்தில் அவற்றால் கிடைத்த பிரயோஜனம் இதுதான் என்று மொக்கையன் மனதாரச் சொன்னார்.

சாயங்காலம் கழுவன் கொக்கியில் நாணை மாட்டி, புது வில்லோடு வந்த அம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மொக்கையன் அங்கிருந்து முப்பது அடி அளந்து ஒரு முளைக்குச்சி அடித்தார்.

"பன்னி இங்கதான் நிக்கணும்."

"அதுக்கு எப்படித் தெரியும் நாட்டாம?"

ஞாயமான கேள்விதான். முளைக்குச்சி அருகே ஒரு கூடை கிழங்கு தோண்டி வைத்தார்கள். பன்றி வந்தது. சரியாக அங்கேயே நின்று, கழுவனைப் பார்த்தபடி தின்றது.

"அடிடா!"

"எப்படி அடிக்க? மூஞ்சியைக் காட்டிக்கிட்டு நிக்குது. பக்கவாட்டுன்னுதான் சொன்னாரு."

"அப்ப நீ பக்கவாட்டுக்குப் போ."

கழுவன் வில்லைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனான். அளவு கெட்டுவிட்டது. மொக்கையன் மறுபடி அவனிடமிருந்து பன்றிவரை அடிமேல் அடி வைத்து அளந்தார். பன்றி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது. கழுவனுக்கு அருமையான விலா கிடைத்தது, ஆனால் எதிரே நாட்டாமை நின்றார். அவர் விலகுவதற்குள் பன்றியும் திரும்பிவிட்டது.

அதைத் திருப்புவதற்கு இந்தப் பக்கம் ஒரு கூடை, அந்தப் பக்கம் ஒரு கூடை என்று வைத்தார்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் அது வைத்தவனைப் பார்த்தே திரும்பியது. நன்றியுள்ள பன்றி.

ஒச்சாயிக்கு வயிறு எரிந்தது. "நாட்டாம, பாதி நிலம் மொட்டையாயிருச்சே! நான் என்னத்தைத் தின்னு உசுர் வாழ?"

"அதுவா தோண்டித் தின்னாத்தானம்மா நட்டம்? இது நாமளா விரும்பிக் குடுக்கிறது."

ஒச்சாயி யோசித்துப் பார்த்தாள். அவளும் சுக்கான்பட்டிக்காரிதானே, சமாதானமாகிவிட்டது. மீதியையும் தோண்டக் கூடை எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசிக் கூடையும் காலியானது. பன்றிக்கு மூச்சு வாங்கியது. நாலு எட்டு வைத்துப் பார்த்தது, முடியவில்லை. முளைக்குச்சி பக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்துக் குறட்டை விட்டது.

"கழுவா! முப்பது அடி! பக்கவாட்டு! எதிர ஒரு ஈ காக்கா இல்ல! அமுக்குடா!"

கழுவன் விசையில் விரலை வைத்தான். பிறகு எடுத்துவிட்டான்.

"படுத்திருக்கே நாட்டாம. நிக்கும்போதுன்னுல்ல சொன்னாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்னால் சொன்னதுதான். பன்றி எழுந்து நிற்கட்டும் என்று ஊரே சுற்றி உட்கார்ந்தது. தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள்.

அந்த வழியாகப் பக்கத்து ஊர் வேட்டைக்காரன் ஒருவன் வந்தான். தோளில் சாதாரண மூங்கில் வில். படுத்திருக்கும் பன்றியையும் சுற்றி இருந்த கூட்டத்தையும் பார்த்தவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் நல்ல மனுஷன். "கொஞ்சம் ஒதுங்குங்க, ஒரே அம்புல முடிச்சுத் தாரேன்" என்று வில்லை வளைத்தான்.

ஒச்சாயி தலைவிரி கோலமாக ஓடிப்போய்ப் பன்றிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயையோ, எய்துராதய்யா! என் ஒரு வருஷத்துக் கிழங்கு பூராவும் இதுக்குள்ளதான் இருக்கு. நீ பாட்டுக்கு ஓட்டையைப் போட்டுட்டா எல்லாம் கொட்டிப் போயிராதா?"