அரசர் கண்டெடுத்த புளியாரை

முன்னொரு காலத்தில் மருதக்கோட்டை என்னும் நாட்டைக் கீர்த்திவளவன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் மனசு காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம். யானை வேண்டும் என்பான். யானை வந்து நிற்கும்போது மயில் எங்கே என்று கேட்பான். அவனிடம் இருபது வருஷமாகக் குப்பை கொட்டியவர் மந்திரி ஆதிமூலம்.

சாயங்கால வேளையில் அரண்மனை நந்தவனத்தில் ஊர்ப்பிள்ளைகள் விளையாடுவது வழக்கம். மந்திரிக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. பாத்திகளைப் பார்வையிடுவதாகச் சாக்குச் சொல்லிக்கொண்டு தினமும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். புல்லுக்கு நடுவே படரும் புளியாரையைப் பிள்ளைகள் கிள்ளித் தின்று முகத்தைச் சுளிப்பதைப் பார்த்தால்தான் அவருக்கு அன்றைய சோறு செரிக்கும்.

ஒருநாள் உலாவ வந்த அரசனின் அங்கவஸ்திரத்தைப் பூக்காரி மகள் பேச்சி பிடித்து இழுத்தாள். அவளுக்கு ஏழு வயசு.

"ராசா, புளியாரைக்கு மூணு இலைதானே இருக்கும்? இதப் பாருங்க, நாலு."

அரசன் எண்ணினான். நாலு. மறுபடி எண்ணினான். அப்போதும் நாலு. அரண்மனையில் இல்லாத பொருள் ஒன்று காலடியில் கிடந்ததை அவனால் நம்பவே முடியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் சபையில் அவன் அந்தப் பேச்சை எடுத்ததும் தலைமைப் பண்டிதர் விடங்கர் எழுந்தார். மந்திரிக்கு ஒன்று பிடித்திருந்தால் அதைக் கெடுக்காமல் இந்தப் பண்டிதருக்குத் தூக்கம் வராது.

"அரசே, அதிசயங்கள் அரசருக்கே உரியவை. கண்ட பிள்ளைகளும் மிதித்துத் துவைக்கும் இடத்தில் அவை எப்படித் தங்கும்? நந்தவனத்தைப் பூட்டுங்கள். நாளைக்கே ஒரு கூடை நாலிலை கொண்டுவருகிறேன்."

"பூட்டுங்கள்" என்றான் அரசன்.

"அரசே, அதைக் கண்டெடுத்ததே ஒரு பிள்ளைதானே?" என்றார் மந்திரி.

"அதனால்தான் பூட்டச் சொல்கிறேன். அடுத்ததை நான் கண்டெடுக்க வேண்டாமா?"

அன்று மாலை பூட்டிய கதவுக்கு வெளியே பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மந்திரியும் போய் அவர்களோடு நின்றுகொண்டார்.

பண்டிதருக்கோ ஏடு தெரியுமே தவிர இலை தெரியாது. யாரையாவது கேட்டால் கௌரவம் என்ன ஆவது? புளி, உப்பு என்றெல்லாம் அடுப்படிச் சொற்களைத் தம் வாயால் சொல்வதா என்று நினைத்து, வேலையாட்களிடம் "நாலிலை ஆரை கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். ஒரு நாழிகைக்குள் கூடை நிறைய வந்து சேர்ந்தது. எல்லாவற்றிலும் நாலு நாலு இலை. தம் பெயரைக் கேட்டதுமே செடி பணிந்துவிட்டது என்று பூரித்துப்போனார்.

மறுநாள் சபையில் அரசன் எண்ணி எண்ணிக் களைத்தான்.

"ஆதிமூலம், பார்த்தீரா?"

"பார்த்தேன் அரசே. அதிசயத்தைக் கூடையில் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. தின்று பழகியவர்கள் ருசி பார்த்துச் சொல்லட்டுமே."

பேச்சியை அழைத்து வந்தார்கள். ஒரு கொத்தை வாயில் போட்டு மென்றாள். சபை முழுக்க அவள் முகத்தையே பார்த்தது. முகம் சுளிக்கவே இல்லை.

"இது புளிக்கலையே. ஆரைக்கீரைல்ல இது? இதுக்கு எப்பவுமே நாலு இலைதான் சாமி. கொளத்தங்கரை பூராவும் கெடக்கு. எங்கம்மா நேத்துகூடக் கடைஞ்சா."

அரசனும் மென்று பார்த்தான். பிறகு சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. பண்டிதர் தலையைத் தொங்கப்போட்டார்.

"இந்தக் கூடை தீரும்வரை பண்டிதர் வீட்டில் வேறு கறி ஆக்கக் கூடாது" என்றான் அரசன்.

"அப்படியானால் கதவைத் திறந்துவிடலாமே" என்றார் மந்திரி.

"பண்டிதர் தோற்றால் நீர் ஜெயித்ததாகிவிடுமா? அதிசயம் அரசனுக்கே. அதில் மாற்றமில்லை."

மந்திரி கொஞ்சம் யோசித்தார். "சரி அரசே, தங்களுக்கே இருக்கட்டும். நாலிலைப் புளியாரை ஒன்றைத் தாங்களே கண்டெடுங்கள். எடுத்த அன்று பொழுது சாயும்வரை யாருக்கும் காட்டக் கூடாது, யாரிடமும் சொல்லவும் கூடாது. அப்படி வைத்திருந்துவிட்டால் என் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். முடியாவிட்டால் கதவு திறந்தே கிடக்கட்டும்."

"ஒரு இலையைக் கைக்குள் வைத்திருக்க எனக்குத் தெரியாதா?"

இரண்டு நாள் அரசன் தனியாக நந்தவனத்தில் மண்டியிட்டுத் தேடினான். மந்திரி கதவுக்கு வெளியே பிள்ளைகளோடு காத்திருந்தார். மோதிரம் போனால் போகிறது, இந்தக் கதவு மூடியே கிடந்தால் சாயங்காலங்களை என்ன செய்வது என்றுதான் அவருக்குக் கவலை.

மூன்றாம் நாள் மத்தியானம் அரசன் கையை மூடிக்கொண்டு வெளியே வந்தான். அங்கும் இங்கும் நடந்தான். மந்திரியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். சூரியன் அசைகிற வழியாக இல்லை.

"இன்று வெயில் அதிகம், இல்லையா ஆதிமூலம்?"

"ஆமாம் அரசே" என்றார் மந்திரி.

பேச்சி கிட்டே வந்தாள். "கையில என்ன ராசா?"

"ஒன்றுமில்லை."

"பொன்வண்டா?"

"இல்லை."

"அப்ப சும்மாதான் மூடி வெச்சிருக்கீங்க."

"சும்மாவா?" அரசனுக்குப் பொறுக்கவில்லை. அவள் முன்னால் மண்ணிலேயே குந்தி உட்கார்ந்து கையை விரித்தான். "நீயே எண்ணிப் பார்."

பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பேச்சி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." கொஞ்சம் நிறுத்தி, நகத்தால் எதையோ நிமிர்த்தினாள். "அஞ்சு. அடியில ஒண்ணு மடங்கிக் கெடந்திருக்கு ராசா."

அரசன் குனிந்து பார்த்தான். அஞ்சுதான்.

"ஆதிமூலம்," என்றான் மெல்ல, "இரண்டு நாழிகையாக இது என் கையிலேயே இருந்தது. ஐந்தாவதை நான் பார்க்கவே இல்லை."

மந்திரியும் குனிந்து ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அரசன் இடுப்பிலிருந்து நந்தவனத்துச் சாவியை எடுத்துப் பேச்சி கையில் வைத்தான்.