ஆமை சொன்ன ‘ஆம்’

காட்டு நடுவே ஒரு மடு இருந்தது. கோடையிலும் அதில் தண்ணீர் வற்றாது. அதன் தென்கரைச் சேற்றில் தவளைகள் தலைமுறை தலைமுறையாக முட்டையிட்டு வந்தன. அதே இடத்தில் படுத்து வெயில் காய வேண்டும் என்று முதலைக்கு ஆசை வந்தது.

தவளைகளை விழுங்கித் தீர்த்திருக்கலாம். ஆனால் முதலைக்கு நல்ல பெயரும் வேண்டியிருந்தது. ஊரான் இடத்தைச் சுருட்டுகிறவர்களுக்கு எப்போதும் உள்ள வியாதி இது. முதலை நரியைக் கூப்பிட்டது.

“இந்த மடுவின் வரலாற்றை எழுது. பழைய குடிகள் எல்லாரையும் கேள். இது நான் தோண்டிய மடு, தவளைகள் நேற்று வந்தவை. அப்படித்தான் சொல்வார்கள்!”

“கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, ஐயா!” என்றது நரி.

இளந்தேக்கு இலையில் நகத்தால் கீறினால் எழுத்து சிவப்பாகத் தெரியும். நரி ஒரு கட்டு இலையோடு கிளம்பியது.

எருமை கழுத்தளவுத் தண்ணீரில் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“மடுவைத் தோண்டியது முதலையார்தானே, அண்ணே?”

எருமையின் காதில் ஓர் ஈ உட்கார்ந்தது. எருமை தலையை ஆட்டியது. ‘எருமை ஆமோதித்தது’ என்று நரி எழுதிக்கொண்டது.

அடுத்தது கொக்கு. “தோண்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன்! ஒற்றைக் காலில் நின்றேன்!”

“உமக்கு வயது மூன்றுதானே?”

“சாட்சி சொன்னால் மீன் உண்டா, இல்லையா?”

“உண்டு.”

“அப்படியானால் முந்நூறு என்று போடும்!”

கூடத் தோண்டாதவர்களுக்குத்தான் தோண்டிய கதை நன்றாக நினைவிருக்கும்.

மிச்சம் இருந்தது ஆமை. மடு உண்டான நாளைக் கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். ஒரு தவளை முன்கூட்டியே அதனிடம் ஓடியது.

“தாத்தா, நரி வருகிறான். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எங்கள் முட்டைகளுக்கு இடமில்லை!”

“போயும் போயும் ஒரு நரியிடமா நான் வாயைக் கொடுப்பது? என் தகுதி என்ன, அவன் தகுதி என்ன!”

நரி வந்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

“மடு முதலையாருடையதுதானே?”

பதில் இல்லை.

“தவளைகள் நேற்று வந்தவைதானே?”

அதற்கும் பதில் இல்லை.

“போகட்டும், பதிவுக்குப் பெயரையாவது சொல்லுங்கள்.”

“ஆமை!” என்று ஓட்டுக்குள்ளிருந்து எரிச்சலோடு ஒரு குரல் வந்தது.

நரி ‘ஆம்’ வரைக்கும் எழுதி நிறுத்திக்கொண்டது.

மறுநாள் காலை எல்லாரும் மடுக்கரையில் கூடினார்கள். நரி உரக்க வாசித்தது. “‘மடு முதலையாருடையதா?’ ‘ஆம்!’ ‘தவளைகள் நேற்று வந்தவையா?’ ‘ஆம்!’ இது ஆமையாரின் வாக்குமூலம்!”

“பெரியவரே சொல்லிவிட்டார்!” என்றது முதலை. “தவளைகளே, மாலைக்குள் கரையைக் காலி செய்யுங்கள்!”

ஆமையின் கழுத்து ஒரு சாண் வெளியே வந்தது. “அடப்பாவி! நான் எங்கே ‘ஆம்’ என்றேன்? ‘ஆமை’ என்று பெயரைத்தானே சொன்னேன்!”

“ஓர் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பெரியவரே! வரலாற்றில் இதெல்லாம் சகஜம்!”

தவளை ஒரே தாவில் நரியின் முன்னால் வந்து குதித்தது. “ஓய், எனக்கும் ஒரு பதிவு வேண்டும். இந்தப் புத்தகம் முழுக்கப் புளுகுதானே?”

நரி வாயே திறக்கவில்லை.

“போகட்டும், உம் பெயரையாவது சொல்லும்.”

“இதென்ன கேள்வி? நரி!”

“கேட்டீர்களா? புளுகா என்றேன், ‘சரி’ என்கிறார்!”

“‘சரி’ இல்லை, ‘நரி’!”

“ஓர் எழுத்து முன்னே பின்னே இருக்கும், ஓய்!”

நூறு தவளைகள் ‘சரி! சரி!’ என்று கத்தின. எருமை வயிறு குலுங்கச் சிரித்ததில் அலை எழுந்து தேக்கிலைக் கட்டை அடித்துக்கொண்டு போனது.

“நான் ஈயை விரட்டினேன், மடையா!” என்றது எருமை.

ஆமை அப்போதுதான் நடந்ததைச் சொன்னது. “பெரும் பஞ்சத்தில் ஆமைகளும் தவளைகளும் சேற்றைக் கீறிக் கீறி இந்த ஊற்றைக் கண்டோம். இந்த முதலை பிறகு வெள்ளத்தில் மிதந்து வந்தது. முழ நீளம்கூட இல்லை. ‘அம்மா’ என்று அழுதது. தவளைகள்தான் பாவம் பார்த்துத் தென்கரையில் படுக்க இடம் கொடுத்தன!”

எருமையும் அதன் கூட்டமும் எழுந்து போய்த் தென்கரையில் வரிசையாக நின்றன. முதலை அவற்றின் கொம்புகளை எண்ணிப் பார்த்தது. பிறகு மெல்லத் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. நரி வேறு காட்டுக்குப் போய், ஒரு சிறுத்தையின் சைவ வாழ்க்கையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

தவளை ஆமைக்கு நன்றி சொல்லவில்லை. “நேற்றே இதைச் சொல்லியிருந்தால் எனக்குத் தொண்டை கட்டியிருக்காது, தாத்தா!” என்று மட்டும் சொன்னது. ஆமைக்குத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் இழுக்கவில்லை.

பேச வேண்டிய நாளில் கௌரவம் பார்த்து வாயை மூடிக்கொள்கிறவனுக்கு எதிராக அவன் பெயரே சாட்சி சொல்லும்.